புலம்பெயர்ந்த பிள்ளைகள் வீட்டில் சொல்லாதவை

"சின்னப் பிள்ளைகள்தானே, சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்." நாடு மாறப்போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் யாராவது ஒருவர் இதைச் சொல்லி வழியனுப்புகிறார். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. வந்த சில மாதங்களில் புது மொழியில் சத்தம் போட்டு விளையாடும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் 14 வயதில் பெற்றோரோடு நாடு மாறி வந்தவள். என் தம்பிக்கு அப்போது 7 வயது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, புதிதாக வந்திறங்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் வகுப்பொன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ, எந்தெந்தக் காரணத்துக்காகவோ வந்த பிள்ளைகள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. புது ஊருக்குப் பழகும் முன்பே, தங்கள் வருத்தத்தை அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள இவர்கள் பழகிவிடுகிறார்கள். அதைத்தான் பெரியவர்கள் பல நேரம் "நன்றாகப் பழகிவிட்டான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பயணம் தொடங்கும் இடமே வேறு. விண்ணப்பம் போட்டு, பணம் புரட்டி, மாதக்கணக்கில் இரவில் உட்கார்ந்து பேசிப் பேசியே பெற்றோரின் மனம் பாதி தூரம் கிளம்பிவிடும். பிள்ளைக்கு அது ஒருநாள் காதில் விழும் செய்தி. சில வீடுகளில், பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் வாரம் வரைக்கும் சொல்வதில்லை. முன்கூட்டியே சொன்னால் படிப்பு கெடும், அழுது ரகளை செய்வார்கள், வெளியில் உளறிவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். குழந்தைகள் உரிமைகள் பற்றி ஐ.நா. பொதுச்சபை 1989-ல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அது அரசுகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் அந்தக் கடமை நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. எதை எடுத்துப்போவது, யார் யாரிடம் விடைபெறுவது, கடைசி வாரத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்க முடியும். விடைபெற நேரம் கிடைத்த பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, அவர்கள் பழைய நண்பர்களைப் பற்றிப் பேசும் விதத்திலேயே என்னால் கண்டுபிடிக்க முடிகிறது.

1955-ல் லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர், அமெரிக்காவில் படித்தும் பணிபுரிந்தும் திரும்பிய நார்வேக்காரர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டுக்குப் போனவர்கள் முதலில் உற்சாகமாக இருப்பார்கள், பிறகு சோர்வார்கள், அதன்பின் மெல்லத் தேறுவார்கள் என்ற "யூ வடிவ" வளைகோடு அதிலிருந்துதான் பரவியது. இன்றும் புலம்பெயர்வு பற்றிய பயிற்சிகளில் அதை வரைந்து காட்டுகிறார்கள். அவர் பேசியவர்கள் எல்லாரும் பெரியவர்கள். உதவித்தொகைக்குத் தாங்களே விண்ணப்பித்துப் போனவர்கள், திரும்பி வர ஒரு தேதியும் வைத்திருந்தவர்கள். கேட்காமல் அழைத்து வரப்பட்ட, திரும்பும் தேதி இல்லாத 15 வயதுப் பிள்ளைக்கு அந்த ஆரம்ப உற்சாகம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. கீழேயிருந்துதான் தொடங்குகிறார்கள். "வந்து இரண்டு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள ஏன் இப்படி இருக்கே?" என்று அவர்களிடம் கேட்பதில் நியாயம் இல்லை.

வயது இதில் பெரிய விஷயம். பிறந்த நாட்டிலிருந்து குழந்தையாக வந்தவர்களை ஆய்வாளர்கள் "ஒன்றரைத் தலைமுறை" என்கிறார்கள். ரூபன் ரும்பாட் என்ற சமூகவியலாளர் அதையும் வந்த வயதை வைத்து மூன்றாகப் பிரித்தார்: 5 வயதுக்குள் வந்தவர்கள், 6 முதல் 12 வயதில் வந்தவர்கள், 13 முதல் 17 வயதில் வந்தவர்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு பிரிவு இருந்தது. தம்பிக்கு விளையாட்டு போதும், பந்தை உதைக்க வார்த்தை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டிய நாளிலிருந்து அவன் உலகம் அங்கேயே தொடங்கிவிட்டது. பதின்ம வயதில் நட்பு என்பதே பேச்சு. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, எது அநியாயம், எது சிரிப்பு என்று மணிக்கணக்கில் பேசிப் பேசித்தான் அந்த வயதில் ஒரு தோழி கிடைப்பாள். அந்தப் பேச்சுக்கான மொழி கையில் இல்லை என்றால், வகுப்பு முழுக்க ஆட்கள் இருந்தும் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய பள்ளியில் நான் ஒரு ஆள். கட்டுரைப் போட்டிக்கு என் பெயர் கொடுப்பார்கள், வகுப்பில் யாராவது சண்டை போட்டால் என்னிடம் வருவார்கள். புது வகுப்பில் நான் எதுவும் தெரியாத பெண். நான் வேடிக்கையாகப் பேசுவேன் என்பதோ, எனக்கும் கோபம் வரும் என்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. "நான் யார்" என்ற கேள்விதான் வளரிளம் பருவத்தின் மைய வேலை என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் எழுதினார். அவரே 1933-ல் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அந்த வேலை பாதியில் இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று "எனக்கு எதுவுமே வராது" என்று சொல்லத் தொடங்குவது இப்படித்தான்.

மொழியைப் பற்றிப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் ஒரே தவறான கணக்குதான் இருக்கிறது. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய மொழியியல் அறிஞர் 1979-ல் இரண்டு திறன்களைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டு மைதானத்திலும் பேருந்திலும் பேசும் மொழி ஒன்று. பாடப்புத்தகத்தைப் படித்து, காரணம் சொல்லி, நான்கு பத்தி எழுதத் தேவைப்படும் மொழி வேறொன்று. முதலாவது பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் கைவந்துவிடும். இரண்டாவதில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடங்கள், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகலாம். இதை அறியாதவர்கள், சரளமாகப் பேசும் பிள்ளை அறிவியலில் தடுமாறினால் சோம்பல் என்கிறார்கள், அல்லது கற்றல் குறைபாடு என்று எழுதிவிடுகிறார்கள். 14 வயதில் வந்த பிள்ளைக்குப் பள்ளி முடிய நான்கு வருடம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் சரியாக வராது. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன். "உனக்கு மூளை குறையவில்லை, காலம்தான் குறைவாக இருக்கிறது" என்று சொன்னதும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். கணிதத்தையும் அறிவியலையும் முதலில் தாய்மொழியில் புரியவைத்துவிட்டு, பிறகு புது மொழியில் எழுதப் பழக்குவது நேரத்தை வீணாக்குவது அல்ல. புரிந்த விஷயத்துக்கு வேறு மொழியில் சொல் தேடுவது, புரியாத விஷயத்தைப் புரியாத மொழியில் மனப்பாடம் செய்வதைவிட எத்தனையோ மடங்கு எளிது.

சின்னக் குழந்தைகள் பேசாமலே இருந்துவிடுவதும் உண்டு. புது மொழிச் சூழலில் விழுந்த குழந்தை சில வாரங்கள், சில மாதங்கள்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே மொழி சேர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் வழக்கம்போல வாயாடும் குழந்தை பள்ளியில் மௌனமாக இருந்தால், முதல் சில மாதங்களுக்கு அதை வற்புறுத்தாமல் விடலாம். தன் மொழி பேசும் ஆட்களிடமும் வீட்டுக்கு வெளியே பேசுவதில்லை, மாதங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, பேசச் சொன்னால் உடல் விறைத்துப்போகிறது என்றால் அது வேறு. அப்போது குழந்தைகள் மனநல நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

புலம்பெயர்ந்த வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு. "உங்களுக்காகத்தானே இதெல்லாம்." அப்பா இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து கால் நீட்டும்போது சொல்வார். தன் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போய்வரும் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார். பொய் இல்லை, அவர்கள் மனதார நம்பிச் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைக்கு அதன்பின் பேச எந்த வழியும் இல்லை. எனக்காக இவ்வளவு இழந்தவர்களிடம் போய், எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மதிய இடைவேளையில் தனியாக நிற்கிறேன், என் பேச்சைக் கேட்டு என்னை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள், ராத்திரி பழைய வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாக மனதில் நடந்து பார்க்கிறேன் என்றெல்லாம் யாரிடம் சொல்வது? அதனால் "இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்ற ஒரே பதில் வருகிறது. பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைக் காப்பாற்றுவதே பிள்ளையின் அன்றாட வேலையாகிறது.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் 1970-களில் தெளிவற்ற இழப்பு என்றொரு கருத்தை முன்வைத்தார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்து அவர் சிந்தித்தது அது. இழந்தது செத்துப்போகவில்லை, கைக்கும் எட்டவில்லை. அதனால் அழுது முடிக்கவும் முடியாது. புலம்பெயர்ந்தவர்களின் இழப்பையும் அவர் இந்த வகையில்தான் சேர்க்கிறார். பாட்டி இருக்கிறார், தொலைபேசியில் பேசுகிறார். தோழிகள் இருக்கிறார்கள், அவர்கள் வாழ்க்கை நான் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவும் அங்கேயே இருக்கிறது. யாரும் சாகாத வீட்டில் துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். பெரியவர்களுக்காவது இதை ஒருவரோடொருவர் புலம்பித் தீர்க்கும் வழக்கம் உண்டு. பிள்ளைகளின் பங்கு துக்கம் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. அது வேறு வேஷத்தில் வெளியே வரும். காரணமில்லாத வயிற்றுவலி, காலையில் எழுந்திருக்க மறுப்பது, தம்பி தங்கையிடம் எரிந்துவிழுவது, ராத்திரி இரண்டு மணிவரைக்கும் திரை.

திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்த காலத்தில் கடிதம்தான். இப்போது பிள்ளைகள் பழைய நண்பர்களோடு நாள் முழுக்கக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நேர வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். "பழசையே பிடிச்சிட்டு இருந்தா இங்கே எப்படி ஒட்டுவே?" என்று கைபேசியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன்னை முழுதாகத் தெரிந்த நான்கு பேர் எங்கோ இருக்கிறார்கள் என்பதே முதல் வருடத்தில் பல பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. தூங்கும் நேரத்துக்கு மட்டும் வரம்பு போடுங்கள். நண்பர்களுக்குப் போடாதீர்கள். இங்கே ஒரு நட்பு முளைத்ததும் அங்கே பேசும் நேரம் தானாகக் குறையும். அதைக் குறைத்தால் இங்கே நட்பு முளைக்கும் என்று தலைகீழாகக் கணக்குப் போடுவது பலித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது மொழிபெயர்க்கும் பிள்ளை. மொழி முதலில் வருவது பிள்ளைக்கு என்பதால் வங்கி, வீட்டு உரிமையாளர், மின்கட்டணம், மருத்துவமனை, தம்பியின் ஆசிரியர் என எல்லா இடத்துக்கும் அவள்தான் வாய். நான் அப்படி வளர்ந்தவள். வாடகை ஒப்பந்தத்தை 15 வயதில் வரிவரியாகப் படித்துச் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அம்மாவின் பரிசோதனை முடிவை மருத்துவர் என்னிடம் சொல்லி, நான் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்த அன்று அந்தப் பெருமை ஒன்றும் இல்லை. பயத்தை முகத்தில் காட்டாமல் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். பாதியைச் சொல்லாமலும் விட்டேன். அந்த வயதில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். தாயைக் காப்பாற்றத் தோன்றுமே தவிர, துல்லியமாக மொழிபெயர்க்கத் தோன்றாது. மருத்துவத்தில் குழந்தையை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. கேட்கத் தயங்கித்தான் பலர் பிள்ளையை அழைத்துப் போகிறார்கள்.

இந்த வேலையைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒரே பக்கமாகப் பேசுவதில்லை. சில பிள்ளைகளுக்கு அது தன்னம்பிக்கையும் மொழித்திறனும் தருகிறது, சிலருக்கு மனச்சுமை. எதை மொழிபெயர்க்கச் சொல்கிறோம், எத்தனை முறை, அதன்பின் பெரியவர்கள் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்களா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது என்பது என் அனுபவம். கடையில் விலை கேட்டுச் சொல்வது ஒன்றும் இல்லை. கடன் பாக்கி, விவாகரத்து, நோய், குடியுரிமை வழக்கு இவையெல்லாம் பிள்ளையின் வாய் வழியாகப் போகக் கூடாதவை.

அலெஹாந்த்ரோ போர்ட்டஸ் என்ற சமூகவியலாளரும் முன்பு சொன்ன ரும்பாட்டும் 1992 முதல் அமெரிக்காவின் மயாமி, சான் டியேகோ பகுதிகளில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை புது மொழியிலும் பழக்கத்திலும் வெகுதூரம் ஓடிவிட, பெற்றோர் பின்தங்கிவிடும் வீடுகளில் பெற்றோர், பிள்ளை என்ற பாத்திரங்கள் இடம் மாறுகின்றன என்று அவர்கள் எச்சரித்தார்கள். வெளியுலகம் பிள்ளைக்குத்தான் தெரியும் என்றானபின் "இதைச் செய்யாதே" என்று சொல்லும் பெற்றோரின் குரலுக்கு வீட்டில் கனம் குறைகிறது. மதிப்பில்லாத பெற்றோரைப் பெற்றதாக நினைக்கும் பிள்ளை, வெளியே யாரை நம்புவது என்று அலைகிறது. அதனால் புது மொழி வகுப்புக்குப் போக அம்மாவுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது அம்மாவுக்கான உதவி மட்டும் என்று நினைக்காதீர்கள். 13 வயதுப் பிள்ளைக்குத் தன் குழந்தைப்பருவம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் வழியும் அதுதான்.

எல்லாக் குடும்பமும் ஒரே விமானத்தில் வருவதும் இல்லை. அப்பா முதலில், அம்மா பிறகு, பிள்ளைகள் பாட்டியிடம் சில வருடம் என்று துண்டுதுண்டாக வருகிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சுவாரெஸ்-ஓரோஸ்கோ என்ற ஆய்வாளர் தம்பதியர் 1990-களின் இறுதியில் தொடங்கி, சீனா, ஹைத்தி, மெக்சிகோ, டொமினிகன் குடியரசு, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து அமெரிக்கா வந்த சுமார் 400 பிள்ளைகளை ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இந்தப் புலம்பெயர்வின்போது தாயையோ தந்தையையோ இருவரையுமோ பிரிந்து இருந்தவர்கள். சேர்ந்த பிறகுதான் சிக்கல் தெரியும். ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்த மகனை 11 வயதில் அழைத்துக்கொள்ளும் தாய், தன் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறாள். அவனோ வளர்த்த பாட்டியைப் பிரிந்த துக்கத்தில் இருக்கிறான். இந்த அம்மா அவனுக்குத் தொலைபேசிக் குரல். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பாட்டியைப் பற்றிப் பேச்செடுங்கள், தினமும் பேசவிடுங்கள். "இனிமே நான்தான் உன் அம்மா" என்ற போட்டியில் யாரும் ஜெயிப்பதில்லை. போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவற்றுக்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. கெட்ட கனவும் சத்தத்துக்கு நடுங்குவதும் நீடித்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். வீட்டு அன்பு மட்டும் அதற்குப் போதாது.

வீட்டு மொழி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. புது மொழி சீக்கிரம் வர வேண்டும் என்று வீட்டிலும் அதையே பேசச் சொல்லும் ஆலோசனை இன்னமும் நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்படுகிறது. லில்லி வோங் ஃபில்மோர் என்ற மொழியியல் ஆய்வாளர் 1991-ல் அமெரிக்காவில் 1,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் திரட்டிய தகவல்களை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் எதிர்த்தது. மிகச் சிறிய வயதிலேயே ஆங்கிலத்துக்கு மாறிய குழந்தைகள் வீட்டு மொழியை இழந்தார்கள். சில வீடுகளில், பெற்றோரும் வளர்ந்த பிள்ளையும் மனம்விட்டுப் பேச ஒரு பொது மொழியே இல்லாமல் போனது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் தந்தை எப்படிப் புத்தி சொல்வார், எப்படி ஆறுதல் சொல்வார்? என் தம்பி பத்து வயதில் பாட்டியோடு மூன்று வாக்கியம் பேசிவிட்டு என் கையில் தொலைபேசியைத் தந்துவிடுவான். அவனுக்குப் பாட்டியைப் பிடிக்கும், அதற்குமேல் சொல்ல அவனிடம் மொழி இல்லை. பின்னால் அவனாகவே வயது வந்தபின் உட்கார்ந்து படித்து மீட்டுக்கொண்டான். பாட்டி அதைக் கேட்க இருந்தார் என்பது எங்கள் நல்வாய்ப்பு.

இரண்டு மொழியும் இரண்டு வாழ்க்கையும் பிள்ளையைக் குழப்பும் என்ற பயமும் தேவையில்லை. ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் தலைமையில் 13 நாடுகளில், 13 முதல் 18 வயதுக்குட்பட்ட புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் 5,366 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பெற்றோரின் பண்பாட்டோடும் புது நாட்டோடும் ஒருசேரத் தொடர்பு வைத்திருந்தவர்கள்தான் மனநிலையிலும் பள்ளியிலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எந்தப் பக்கமும் ஒட்டாமல் நின்றவர்கள் அதிகம் திண்டாடினார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தாங்கள் ஒதுக்கப்படுவதாக, இழிவாக நடத்தப்படுவதாக உணர்ந்த பிள்ளைகளின் நிலை மோசமாக இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நீதான் கலந்து பழகணும்" என்று எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் வைக்கிறோம். கேலி செய்யும் வகுப்பில் கலந்து பழகுவது எப்படி? அங்கே பெற்றோர் பள்ளிக்குப் போய்ப் பேச வேண்டும். மொழி தடுமாறினாலும் போக வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும். தனக்காக அம்மா உடைந்த மொழியில் தலைமையாசிரியர் முன் நின்றதை நினைத்துப் பெருமைப்படும் பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் வெட்கப்பட்டிருக்கலாம், இன்றைக்கு இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல், "இன்னிக்கு மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று கேளுங்கள். பதில் "யாருமில்லை" என்றால் உடனே யோசனை சொல்லாதீர்கள், கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். உங்களுக்கு இங்கே எது கஷ்டமாக இருக்கிறது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். "எனக்கும் சில நாள் இங்கே பிடிக்கிறதில்லை" என்று அப்பா சொன்ன இரவில்தான் தன்னைச் சீண்டும் பையன்களைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்ததாக என் வகுப்பில் ஒரு பையன் சொன்னான். பெற்றோர் உடைந்துபோவார்கள் என்ற பயம் விலகினால்தான் பிள்ளை பேசும். பத்து நண்பர்கள் தேவையில்லை, ஒருவர் போதும். வகுப்பில் அமையாவிட்டால் ஓட்டம், இசை, சதுரங்கம் என்று பேச்சு அதிகம் தேவைப்படாத ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். முன்பு அவர்கள் கெட்டிக்காரராக இருந்த ஒன்றாக அது இருந்தால் இன்னும் நல்லது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தவற்றையெல்லாம் கைவிட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசினால் அதை ஊர் ஏக்கம் என்று ஒதுக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக, சொந்த ஊருக்கு முதல்முறை திரும்பிப் போவது பற்றி. பிள்ளைகள் வருடக்கணக்காகக் காத்திருக்கும் பயணம் அது, பெற்றோர் அதைப் பரிசாகத் திட்டமிடுகிறார்கள். போன இடத்தில் தோழிகளுக்குப் புதுத் தோழிகள் இருப்பார்கள். புரியாத நகைச்சுவைகள் இருக்கும். உறவினர்கள் இவர்கள் பேச்சைக் கேட்டு "மாறிட்டியே" என்பார்கள். இங்கே அந்நியர் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அங்கேயும் அதே பெயர் கிடைப்பது இந்தப் பயணத்தில்தான். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். உறவினர் வீடுகளால் நாட்களை நிரப்பாமல், நண்பர்களை ஒவ்வொருவராகச் சந்திக்க நேரம் விடலாம். பழைய பள்ளியைப் பார்க்க வேண்டும் என்றால் கூடப்போகலாம், வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் இருக்கலாம். திரும்பி வந்தபின் சில வாரங்கள் முகம் வாடித்தான் இருக்கும், மதிப்பெண்ணும் குறையலாம். அதைப் பார்த்துவிட்டு "போய்வந்தாலே கெட்டுப்போறாங்க" என்று அடுத்த பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் பயணத்தில் அழுதுவிட்டு வந்த பிள்ளைகள், இரண்டாவது முறை போய்வந்ததும் வகுப்பில் இரண்டு ஊர்க் கதைகளையும் சேர்த்துச் சொல்லத் தொடங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.